அத்தியாயம் 7: பூட்டும் வரிசை

கடந்த அத்தியாயத்தோடு கழற்றும் வேலை முடிந்தது. இப்போது கராஜில் சேசிஸ் தனியாக மரக்கட்டைகளின்மேல் நிற்கிறது. கேபின் சுவரோரம் இருக்கிறது. எஞ்ஜினும் கியர்பொக்ஸும் தார்ப்பாய்க்குக் கீழே, மட்கார்டுகள் பரணில், போல்ட்டும் நட்டும் பால்மா டின்களில். வருடக்கணக்கில் நின்றுபோகும் லொறிகள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் நிற்கின்றன. காசு தீர்ந்து நின்றவையும் உண்டு. ஆனால் நான் பார்த்த பலவற்றில் கோளாறு வேறு: கைக்கு வந்ததை முதலில் பூட்டி, அதற்குப் பின்னால் போகவேண்டிய ஒன்று வெளியே கிடப்பதைக் கண்டு மறுபடி கழற்றி, பூசிய பெயின்டைச் சுரண்டி, கடைசியில் மனம் விட்டுப்போய் நிறுத்தியவை.

எந்த வண்டிக்கும் இந்த அத்தியாயம் பொருந்தும். ஆனாலும் ஒரு வண்டியை மனதில் வைத்துப் பேசினால்தான் விளங்கும் என்பதால் பெட்போர்ட் ஜே ரக லொறியை எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் வொக்ஸ்ஹோல் நிறுவனம் 1931இல் பெட்போர்ட் என்ற பெயரில் லொறி செய்யத் தொடங்கியது. மூக்கு நீண்ட ஜே ரகம் 1958இல் வந்தது. கொழுந்து ஏற்றி, ஸ்டோருக்கு விறகு ஏற்றி, தேயிலைப் பெட்டிகளை ரயிலடிக்கு இறக்கி மலைநாட்டில் தேய்ந்த வண்டிகளில் பெட்போர்டுக்குத் தனி இடம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரி வரை தடை நீடித்தபோது, இரும்புக்கடைக்குப் போகவிருந்த பழைய வண்டிகளுக்கு மறுபடி மதிப்பு வந்தது. லயத்துப் பின்புறத்தில் கொடி படர்ந்து கிடந்த சேசிஸை இன்று யாராவது தேடிவந்து விலை கேட்கிறார்கள் என்றால் எனக்கு அதில் மகிழ்ச்சிதான். வாங்கியவர் அதை ஓடவைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

மழையைப் பார்த்துத் தொடங்குங்கள்

கராஜ் இருக்கும் றொசல்ல, வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் நடுவில், மலைநாட்டின் மேற்குச் சரிவில் இருக்கிறது. இந்தச் சரிவில் வருடத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடங்கள் உண்டு. மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரை விடாது. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடியோடு மழை. நம்பி வேலை செய்யக்கூடிய வெயில் ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான். கொழும்பில் கராஜ் வைத்திருப்பவர் வரிசையை வண்டியைப் பார்த்து மட்டும் எழுதலாம். இங்கே வண்டியோடு பஞ்சாங்கத்தையும் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

மணல் அடித்துச் சுத்தம் செய்த இரும்பில் இந்த ஈரக்காற்று பட்டால் சில மணி நேரத்தில் செம்மண் நிறத்தில் மெல்லிய துரு படியும். அதன்மேல் பிரைமர் பூசினால் இரண்டாவது மழைக்காலத்தில் பெயின்ட் பொருக்காக எழும். ஆகவே சுத்தம் செய்வதும் முதல் பிரைமர் பூசுவதும் ஒரே நாளில் முடிய வேண்டும். முழு சேசிஸையும் ஒரு நாளில் முடிக்க ஆளில்லாவிட்டால் பாதி சேசிஸுக்கு மட்டும் மணல் அடியுங்கள்.

பெயின்ட் பூச நாள் சரியா என்று அறிய ஒரு கருவி ஒவ்வொரு ஸ்டோரிலும் இருக்கிறது. கொழுந்து வாட்டும் மாடியில் டீமேக்கர் பார்க்கும் ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிதான் அது. அதைப்போல ஒரு சோடி வாங்கிக் கராஜில் மாட்டுங்கள். 20 பாகைச் சூட்டில் இரண்டு குமிழுக்கும் உள்ள வித்தியாசம் 2 பாகைக்குக் குறைந்தால் காற்றில் ஈரப்பதம் 83 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அன்றைக்குப் பெயின்ட் டின்னைத் திறக்க வேண்டாம். பெயின்ட் வேலையில் பொதுவாகச் சொல்லும் எல்லை 85 சதவீதம். அதோடு, இரும்பின் சூடு பனிபடியும் சூட்டைவிடக் குறைந்தது 3 பாகை கூடுதலாக இருக்க வேண்டும். காலையில் காற்று சூடேறினாலும் கனத்த சேசிஸ் இரவுக் குளிரை மத்தியானம் வரை வைத்திருக்கும். கையால் தொட்டுப் பார்த்தாலே தெரியும்.

இந்தக் கணக்கில் வேலை இரண்டு வெயில் காலங்களுக்குப் பரவுகிறது. முதல் ஜனவரி முதல் மார்ச் வரை சேசிஸ், அச்சு, ஸ்பிரிங் ஆகியவற்றின் பெயின்ட். மே முதல் செப்டெம்பர் வரை, வெளியே மழை கொட்டும்போது கூரைக்குக் கீழே பிரேக், எஞ்ஜின், கியர்பொக்ஸ் வேலை. கிரீஸ் பூசிய கைக்கு மழை தடையில்லை. வருடக் கடைசியில் கேபினையும் மட்கார்டுகளையும் பெயின்ட் இல்லாமல் பூட்டிப் பார்ப்பது. இரண்டாவது ஜனவரியில் கேபினுக்குப் பெயின்ட், மார்ச், ஏப்ரலில் கடைசிப் பூட்டு, அடுத்த மே மாதத்துக்கு முன் வண்டி தெருவில். ஒரே வருடத்தில் முடிக்க நினைப்பவர்கள் கேபினை ஜூலையில் பூச வேண்டிவரும். ஜூலையில் பூசியது எப்படி இருக்கும் என்பதை ஒருமுறை பார்த்தவர் மறுபடி பூசமாட்டார்.

கடைசியிலிருந்து முதலுக்கு

ஒரு கொப்பி வாங்குங்கள். கைபேசியில் எழுதலாம்தான், ஆனால் கராஜில் கிரீஸ் கையோடு புரட்டக் கொப்பிதான் தோது. முதல் பக்கத்தில் லொறி முழுதாக நிற்கும் நிலையை வைத்துக்கொண்டு, கடைசியாகப் பூட்டும் சாமான் எது என்று எழுதுங்கள். பிறகு ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள்: இது பூட்டப்படுவதற்கு முன் வேறு எது அதன் இடத்தில் இருக்க வேண்டும்?

முன்கண்ணாடியை எடுத்துக்கொள்வோம். ஜே ரகத்தின் கண்ணாடி இரு பக்கமும் வளைந்து வரும். கண்ணாடி ஏறுவதற்கு முன் கூரையின் உள்துணி முடிந்திருக்க வேண்டும், ஏனென்றால் துணியின் விளிம்பு கண்ணாடி ரப்பருக்குள் மடிந்து போகிறது. துணிக்கு முன் கேபின் விளக்கின் வயர் கூரைக்குள் இழுத்து விடப்பட்டிருக்க வேண்டும். வயருக்கு முன் கேபின் உட்புறத்துப் பெயின்ட். அதற்கு முன் கண்ணாடிச் சட்டத்தின் கீழ்விளிம்பில் துரு தின்ற இடத்துக்கு வெல்டிங். தண்ணீர் நிற்கும் இடம் அதுதான், பழைய லொறி எதைத் திறந்தாலும் அங்கே ஓட்டை இருக்கும். வெல்டிங் முடிந்ததும் கண்ணாடியை வெறும் சட்டத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். வைப்பரின் மோட்டரும் கம்பிகளும் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருப்பதால், டாஷ்போர்டு ஏறுவதற்கு முன் அவை ஏறியிருக்க வேண்டும். ஒரு கண்ணாடியைப் பிடித்து இழுத்தால் ஏழெட்டு வேலைகள் பின்னால் வருகின்றன. இப்படிப் பத்துப் பன்னிரண்டு பெரிய சாமான்களுக்கு எழுதினால் முழு வரிசையும் தானாகவே வந்துவிடும்.

கொப்பியில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று விஷயம் எழுதுங்கள். அதற்கு முன் முடிய வேண்டியது எது, வாங்க வேண்டிய சாமான் என்ன, எத்தனை ஆள் வேண்டும். மூன்றாவதை யாரும் எழுதுவதில்லை. ஆனால் கேபினைத் தூக்கி வைக்க ஆறு பேர், அல்லது செயின் புளொக்கும் மூன்று பேரும் வேண்டும். பெரட்டு முடிந்து ஆள் கிடைக்கும் பின்னேரமோ ஞாயிற்றுக்கிழமையோ பார்த்துத்தான் அந்த வேலையைப் போட முடியும். வாங்கும் பட்டியலையும் இதே வரிசையில் வையுங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு ஒரு ஸ்பிரிங் புஷ்ஷுக்காகப் போய்வந்தால் ஒரு நாள் கூலி கரைந்துவிடும். சேசிஸ் கட்டத்துக்குத் தேவையான அத்தனையும் ஒரே பயணத்தில் வர வேண்டும். பழைய சாமானைக் கையோடு கொண்டுபோய் அளந்து பார்த்து வாங்குங்கள், பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். கழற்றிய போல்ட்டுகளிலும் ஒன்றிரண்டைக் கொண்டுபோங்கள். அந்தக் காலத்து பிரித்தானிய வண்டியில் அங்குல அளவு மரைதான் இருக்கும். இடையில் யாராவது ஜப்பான் டீசல் எஞ்ஜின் மாற்றியிருந்தால் அதன் தாங்கிகளில் மில்லிமீட்டர் மரை கலந்திருக்கும். இரண்டும் முதல் இரண்டு சுற்றுக்குப் பொருந்துவதுபோலக் காட்டி, மூன்றாவது சுற்றில் மரையை அழித்துவிடும்.

பெயின்டுக்கு முன் ஒரு பூட்டு

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்பவருக்கு நான் சொல்வது இதை. பெயின்ட் பூசாத நிலையில் லொறியை ஒருமுறை முழுதாகப் பூட்டிப் பாருங்கள். எல்லா போல்ட்டும் வேண்டாம், ஒரு தாங்கிக்கு ஒன்று போதும்.

ஹட்டன் பக்கத்துக் கராஜ் ஒன்றில், பெயர் வேண்டாம், கேபினும் கதவுகளும் தனித்தனியாக அழகாகப் பூசி, பொலிஷ் போட்டு முடித்த ஒரு லொறியைப் பார்த்தேன். கேபினைச் சேசிஸில் இறக்கிக் கதவை மாட்டியபோது இடது கதவு சாத்தவில்லை. வாசற்படித் தகட்டுக்கு வெல்டிங் செய்தபோது கேபின் அரை அங்குலம் இழுத்திருக்கிறது. தனியாக நின்ற கேபினில் அது கண்ணுக்குத் தெரியவில்லை. புதுப் பெயின்டின்மேல் மறுபடி கேஸ் வெல்டிங் ஏறியது. டிங்கர் பாஸின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது, அவர் திறமைசாலி. வேலையின் வரிசைதான் அவரைக் கைவிட்டது.

வெறும் பூட்டு இரண்டு தடவை வருகிறது. முதலாவது சேசிஸுக்குப் பெயின்ட் பூசுவதற்கு முன். இதில் கேபினையும் எஞ்ஜினையும் இறக்கி, தாங்கிகள் சரியான இடத்தில் இருக்கின்றனவா, புதுத் துளை வேண்டுமா, பெற்றோல் டேங்க் எங்கே தொங்கும், சைலன்சர் குழாய் எந்தக் குறுக்குச் சட்டத்துக்கு அடியால் போகும் என்றெல்லாம் பாருங்கள். வேறு எஞ்ஜின் போடுவதென்றால் அந்த முடிவு இங்கே எடுக்கப்பட வேண்டும். தாங்கி, ரேடியேட்டர் குழாய், புரொப்பலர் ஷாஃப்டின் நீளம் எல்லாம் அதோடு மாறும். பெயின்ட் பூசிய சேசிஸில் வெல்டிங் செய்வது என்பது பூசிய காசை எரிப்பது. சேசிஸின் மூலைவிட்ட அளவுகளை எடுத்துக்கொள்வதும் இப்போதுதான். முன் இடதிலிருந்து பின் வலதுக்கும், முன் வலதிலிருந்து பின் இடதுக்கும் நாடா பிடியுங்கள். இரண்டும் ஒத்துவராத சேசிஸில் எத்தனை திறமை காட்டினாலும் கதவு நேராகாது.

இந்த இடத்தில் இன்னொன்று. சேசிஸ் இலக்கம் அடித்திருக்கும் இடத்தை மணல் அடிப்பதற்கு முன் தேடிக் கண்டுபிடியுங்கள். கம்பித் தூரிகையால் மெதுவாகத் துடைத்து, மெல்லிய கடதாசி வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து, பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். மணல் அடிக்கும்போது அதன்மேல் தடித்த டேப் ஒட்டுங்கள், புட்டி எதுவும் போட வேண்டாம். எஞ்ஜினோ நிறமோ மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதிவு செய்ய வேண்டும். இலக்கம் தெளிவாகத் தெரியாத வண்டிக்கு அந்த வேலை வீண் அலைச்சலாகிவிடும்.

சக்கரத்தில் நிற்கும் சேசிஸ்

பெயின்ட் காய்ந்த சேசிஸில் முதலில் ஏறுவது ஸ்பிரிங் தாங்கிகளும் புஷ்களும். பிறகு ஸ்பிரிங், அதன்மேல் அச்சு, யூ போல்ட். எல்லாவற்றையும் கைப்பிடியாக மட்டும் இறுக்குங்கள். முழு இறுக்கம் பிறகு. ரப்பர் புஷ் உள்ள தாங்கியை வண்டி தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், பாரம் ஏறியதும் ரப்பர் முறுகிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். வண்டி தன் சக்கரத்தில் தன் எடையோடு நிற்கும்போதுதான் அதை இறுக்க வேண்டும். கிரீஸ் நிப்பிள் வைத்த புஷ்ஷானால் ஒவ்வொரு நிப்பிளிலும் மறுபக்கம் கிரீஸ் வெளியே வரும் வரை அடித்துப் பாருங்கள். பெயின்ட் துளையை அடைத்திருந்தால் இப்போது தெரிந்துவிடும். ஸ்பிரிங் நடுப்போல்ட்டின் தலை அச்சின் குழிக்குள் விழுந்திருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். விழாவிட்டால் அச்சு சற்றுச் சாய்ந்து நிற்கும், லொறி நேர்த்தெருவில் நண்டு நடை நடக்கும்.

அடுத்து பிரேக் குழாய்களும் பெற்றோல் குழாயும். எஞ்ஜினும் டேங்கும் ஏறுவதற்கு முன்னால் இவை போக வேண்டும், பிறகு கை நுழையாது. செப்பு நிக்கல் கலந்த குழாய் இந்த மழைப் பிரதேசத்துக்கு இரும்புக் குழாயைவிட நல்லது. துருப்பிடிக்காது, வளைக்கவும் லேசு. வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், வெக்குவம் சேர்வோ இருந்தால் அதுவும் இப்போதே. பெடல்கள் சேசிஸிலேயே இருக்கும் வண்டியானால் இந்த நிலையிலேயே பிரேக் ஒயில் ஊற்றி, காற்று எடுத்து, ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க மற்றவர் ஒவ்வொரு மூட்டையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கலாம். பிரேக் ஒயில் பெயின்டைக் கரைத்துவிடும். மினுங்கும் மட்கார்டுகள் பரணில் இருக்கும்போதே இந்த வேலையை முடிப்பது அதற்காகத்தான்.

பிறகு ஸ்டியரிங் பெட்டியும் கம்பிகளும், அதன்பின் சக்கரம். பெட்போர்டில் இடது பக்கச் சக்கர நட்டுகள் இடப்புரி. வழக்கம்போல் சுற்றினால் கழலுவதற்குப் பதிலாக இறுகும். கழற்றும்போது யாராவது நீண்ட குழாயைப் போட்டு உடைத்திருந்தால் ஸ்டட்டை மாற்றும்போது இடது வலது பார்த்து வாங்குங்கள். வளையம் போட்டுப் பூட்டும் ரிம் ஆனால் டயர் வேலையை வீட்டில் செய்யவே வேண்டாம். துருப்பிடித்த வளையம் காற்று அடிக்கும்போது தெறித்தால் ஆளைக் கொல்லும். இரும்புக் கூண்டு வைத்திருக்கும் டயர் கடையில் கொடுத்து, வளையத்துக்கு நேரே நிற்காமல் காற்று அடிக்கச் சொல்லுங்கள். வளையத்தில் வெடிப்போ ஆழமான துருவோ இருந்தால் ரிம்மை விட்டுவிடுங்கள், பழைய வண்டிக்குப் பழைய ரிம்தான் அழகு என்ற பேச்சை இந்த ஒன்றில் மட்டும் கேட்கக் கூடாது.

கேபினுக்கு முன் எஞ்ஜின் ஓட வேண்டும்

எஞ்ஜினையும் கியர்பொக்ஸையும் தரையில் ஒன்றாகச் சேர்த்து, கிளட்ச் தட்டை நடுவாக்கி, செயின் புளொக்கில் ஒரே தூக்காகத் தூக்கி வையுங்கள். பின்னால் புரொப்பலர் ஷாஃப்ட். ஒரே ஷாஃப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே நேர்கோட்டில் பார்க்க வேண்டும். கழற்றியபோது சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தால் பெயின்டில் அது போயிருக்கும், அதற்காகத்தான் முன்பு உளியால் ஒரு புள்ளி குத்தச் சொன்னேன். கவை ஒரு பல் மாறிப் பூட்டினால் வண்டி ஓடும், ஆனால் குறிப்பிட்ட வேகத்தில் தரை முழுக்க அதிரும். ஜொயின்ட் குரொஸ்களை ஆராய்ந்து ஆராய்ந்து காரணம் கிடைக்காமல் திண்டாடுவீர்கள்.

ரேடியேட்டரையும் தற்காலிகமாக ஒரு பெற்றோல் கானையும் பற்றரியையும் வைத்து, கேபின் இல்லாத சேசிஸிலேயே எஞ்ஜினை ஓட்டுங்கள். பலர் இதைத் தவிர்க்கிறார்கள், எப்படியும் ஓடத்தானே போகிறது என்று. பின்னால் சீல் கசிந்தாலும், கிளட்ச் வெட்டாவிட்டாலும், தண்ணீர் பம்ப் ஒழுகினாலும் இந்த நிலையில் அரை நாள் வேலை. கேபின் ஏறி, மட்கார்டு ஏறி, வயரிங் முடிந்தபின் அது ஒரு வார வேலை, கூடவே புதுப் பெயின்டில் கீறல். தீயணைக்கும் கருவி ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். கானை எஞ்ஜினுக்கு மேலே கட்ட வேண்டாம்.

முதலில் பிளக்குகளைக் கழற்றி, ஒயில் அழுத்தம் மீற்றரில் ஏறும் வரை ஸ்டாட்டரில் சுற்றுங்கள். பிறகுதான் பிளக். பெட்போர்டின் ஆறு சிலிண்டர் எஞ்ஜினில் எரியும் வரிசை 1-5-3-6-2-4. பிளக் வயர் மாறிப் பூட்டுவதுதான் முதல் நாள் ஓடாததற்கு வழக்கமான காரணம். புது கேம் ஷாஃப்டும் டெப்பட்டும் போட்டிருந்தால் முதல் 20 நிமிடம் மெதுவாக ஓட விடாதீர்கள், சுமார் 2,000 சுற்றில் பிடியுங்கள். மெதுவாக ஓடினால் கேமுக்கு எண்ணெய் போதாமல் அதன் முகடு தேய்ந்துவிடும். ஓடி ஆறியபின் ஹெட் போல்ட்டுகளையும் டெப்பட் இடைவெளியையும் அந்த எஞ்ஜினின் கைநூலில் சொல்லியபடி மறுபடி பாருங்கள். அழுக்கான வேலைகள் எல்லாம் இத்தோடு முடிந்தால்தான் அடுத்த வெயில் காலத்துக்குள் சுத்தமான கையோடு போகலாம்.

கேபின், கதவு, பிறகுதான் மட்கார்ட்

இரண்டாவது வெறும் பூட்டு இங்கே வருகிறது. சேசிஸ் சக்கரத்தில் நிற்கிறது, எஞ்ஜின் எடை அதன்மேல் இருக்கிறது. நீண்ட சேசிஸ் பாரத்துக்கு வளையும். கட்டைகளில் நிற்கும் சேசிஸில் கதவைச் சரிசெய்தால் சக்கரத்தில் இறங்கியதும் அது மாறிவிடும்.

கேபினைப் புது ரப்பர் தாங்கிகளின்மேல் இறக்கி, போல்ட்டுகளைத் தளர்வாக விடுங்கள். கதவு ரப்பர் இல்லாமல் கதவுகளை மட்டும் மாட்டுங்கள். இப்போது கதவின் பின் ஓரத்தை மேலிருந்து கீழ்வரை பாருங்கள். இடைவெளி மேலே விரிந்து கீழே ஒட்டினால், கேபினின் முன் தாங்கிக்குக் கீழே ஒரு மெல்லிய தகடு வையுங்கள். முன்பக்கம் எழும்பும்போது கதவுத் தூண் மேலே பின்பக்கமாகச் சாயும், இடைவெளி மேலே குறுகும். மேலே ஒட்டிக் கீழே விரிந்தால் அந்தத் தாங்கியிலிருந்து தகடு எடுக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தகடு கதவில் நன்றாகத் தெரியும், ஆகவே ஒன்று ஒன்றாக. தீக்குச்சி ஒன்றைச் சுற்றிலும் ஓட்டிப் பார்த்து, எங்கும் ஒரே மாதிரி நுழைந்தால் கேபின் போல்ட்டை இறுக்கி மறுபடி பாருங்கள். இறுக்கும்போதும் கொஞ்சம் மாறும். ஒவ்வொரு தாங்கிக்கும் எத்தனை தகடு என்று கொப்பியில் எழுதி, அந்தத் தகடுகளைத் தனித்தனிப் பையில் போடுங்கள்.

கதவு சரியானபின் மட்கார்ட், அதன்பின் பொனட், கடைசியாக முன்கிறில். எப்போதும் பின்னாலிருந்து முன்னுக்கு. மட்கார்டை முதலில் இறுக்கிவிட்டுக் கதவைப் பார்த்தால் கதவு மட்கார்டுக்கு அடிமையாகிவிடும். எல்லாம் பொருந்தியதும் துளைகளைப் படமெடுத்து, மறுபடி கழற்றிப் பெயின்டுக்கு அனுப்புங்கள். இரண்டு கலவைப் பெயின்டானால் பூசுபவர் வெளிக்காற்று வரும் முகமூடி அணிய வேண்டும். சாதாரணத் துணியோ தூசு முகமூடியோ அந்த நஞ்சைத் தடுக்காது. பாஸ் வேண்டாம் என்று சொன்னாலும் வாங்கிக் கொடுங்கள்.

பெயின்ட் முடிந்து வந்த கேபினை மறுபடி இறக்கும் முன் எஞ்ஜின் பக்கத் தகட்டின் உள்ளேயும் வெளியேயும் உள்ள சாமான்களை எழுதிய வரிசையில் பூட்டுங்கள். கேபின் இரண்டு பீப்பாய்களின்மேல் நிற்கும்போது முதுகு வளைக்காமல் செய்யலாம். வைப்பர், வயரிங், அதன்பின் டாஷ்போர்டு. வயரிங்கில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. எர்த் பூட்டும் இடங்களில் பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரிய, பல்லுள்ள வொஷர் வைத்து, மேலே கிரீஸ் பூசுங்கள். எஞ்ஜினுக்கும் சேசிஸுக்கும், சேசிஸுக்கும் கேபினுக்கும் தனித்தனி எர்த் பட்டை. அழகாகப் பூசிய லொறியில் விளக்கு மங்குவதற்குப் பூச்சுதான் பெரும்பாலும் காரணம். அந்தக் காலத்து பிரித்தானிய வண்டிகள் சிலவற்றில் பற்றரியின் கூட்டல் முனைதான் எர்த். பற்றரி வைக்குமுன் வண்டி எப்படி இருந்தது என்பதைக் கழற்றும்போது எடுத்த படத்தில் பாருங்கள்.

முன்கண்ணாடிக்கு வெயில் நாள் பாருங்கள், ரப்பர் இளகியிருக்கும். ரப்பரைக் கண்ணாடியில் சுற்றி மாட்டி, சட்டத்தில் உட்காரும் பள்ளத்துக்குள் ஒரு வழுவழுப்பான கயிற்றைச் சுற்றிலும் பதித்து, இரு முனைகளையும் கீழ் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக விட்டுவிடுங்கள். சவர்க்காரத் தண்ணீர் பூசி, வெளியே இருவர் கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்தி உள்ளங்கையால் அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றின் ஒரு முனையை விளிம்போடு சேர்த்து மெதுவாக இழுக்க வேண்டும். ரப்பரின் உதடு டக் டக் என்று சட்டத்தைத் தாண்டி உள்ளே விழும். மூலையில் நின்றால் பலமாக இழுக்காதீர்கள். வெளியே இருப்பவர் அந்த மூலைக்கு நேரே தட்டட்டும், பிறகு இழுங்கள். வளைந்த கண்ணாடி மூலையில்தான் உடையும், உடைந்தால் இன்னொன்று கிடைப்பது சுலபமில்லை. கதவுக் கண்ணாடி, பூட்டு, சீட் எல்லாம் இதற்குப் பிறகு.

மரப் பெட்டியும் முதல் ஓட்டமும்

மரப் பெட்டியைக் கேபினுக்குப் பிறகு ஏற்றுங்கள். கேபினின் பின் ஓரத்துக்கும் பெட்டிக்கும் இடையே விரல் நுழையாத இடைவெளி விட்டால் மேட்டுப் பாதையில் சேசிஸ் முறுகும்போது இரண்டும் உரசும். உள்ளங்கை அகலமாவது விடுங்கள். சேசிஸின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போட வேண்டாம். அங்கே துளை போட்டால் வெடிப்பு அங்கேயே தொடங்கும். இடையில் பலகைப் பட்டை வைத்து யூ போல்ட்டால் கட்டுவதுதான் முறை. பலகை காய்ந்ததாக இருக்கட்டும். ஈரப்பலகை சுருங்கினால் போல்ட்டுகள் எல்லாம் தளரும். பழைய ஸ்ரீ எழுத்து இலக்கத்தகடு உங்களிடம் இருந்தால் அதைச் சுத்தம் செய்து அப்படியே மாட்டுங்கள்.

முதல் ஓட்டம் பெரட்டுக்களம் போன்ற சமதரையில். பிரேக்கை நடைவேகத்தில் பலமுறை மிதித்துப் பாருங்கள். கைப்பிரேக் சரிவில் வெறும் லொறியைப் பிடிக்கிறதா என்று, சக்கரத்துக்குக் கட்டை வைத்துக்கொண்டே பாருங்கள். அதன்பின் தோட்டத்துப் பாதையில் சிறு ஓட்டம். திரும்பி வந்ததும் நான்கு டிரம்மையும் கையால் கிட்டவைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் கூடுதலாகச் சுட்டால் அதன் ஷூ பிடித்துக்கொண்டிருக்கிறது. இதெல்லாம் சரியாகும் வரை ஹட்டன் பிரதான வீதிக்கு ஏறவோ கினிகத்தேனை வளைவுகளில் இறங்கவோ வேண்டாம். இறங்கும் நாள் வரும்போது, ஏறும் கியரிலேயே இறங்குங்கள்.

முதல் நாள் ஓட்டத்துக்குப் பிறகு சக்கர நட்டு, சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு யூ போல்ட், கேபின் தாங்கி, பெட்டியின் யூ போல்ட் எல்லாவற்றையும் மறுபடி இறுக்க வேண்டும். புதுப் பெயின்ட் போல்ட்டின் கீழ் நசுங்கி இடம் விடும், புது ரப்பரும் அப்படித்தான். அவ்வளவும் இறுகியபின், ஏப்ரல் முடிவதற்குள், சேசிஸ் சட்டங்களின் உட்புறத்துக்கும் கதவுகளின் அடிக்கும் மெழுகுப் பூச்சு அடியுங்கள். அடிக்குமுன் தண்ணீர் வடியும் துளைகளில் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். பெயின்டால் அடைபட்ட துளை ஒன்று எப்படியும் இருக்கும், பெரும்பாலும் இடது கதவில்.